‘வாஸ்’ஸா, ‘ஹேட்’டா, ‘ஹேட் பீன்’னா? ஆங்கில இறந்தகாலத்தில் சரியானதைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

“கதவு பூட்டியிருந்தது.” இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ‘த டோர் ஹேட் லாக்ட்’ என்று எழுதுபவர்கள் ஏராளம். ‘இருந்தது’ என்று வந்தாலே ‘ஹேட்’ என்று மனதில் பதிந்துபோனதால் வரும் பிழை இது. அந்த ஆங்கில வாக்கியத்தின் பொருள், கதவு தானே பூட்டிக்கொண்டுவிட்டது என்பது. இழுத்து விட்டால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுக்கு அது சரி. யாரோ சாவி போட்டுப் பூட்டிவிட்டுப் போன கதவுக்கு ‘த டோர் வாஸ் லாக்ட்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

‘பாஸ்ட் பர்ஃபெக்ட் போடுவதா, சிம்பிள் பாஸ்ட் பாஸிவ் போடுவதா?’ என்று கேட்பதே சிக்கலின் தொடக்கம். சட்டை வாங்கப் போனவரிடம் “சிவப்பா, பெரிசா?” என்று கேட்பது போன்றது அது. நிறம் ஒரு கேள்வி, அளவு வேறு கேள்வி. இங்கேயும் அப்படித்தான்: பாஸ்ட் பர்ஃபெக்ட் என்பது காலம் பற்றியது, பாஸிவ் (செயப்பாட்டுவினை) என்பது எழுவாய் வேலையைச் செய்ததா, வேலைக்கு ஆளானதா என்பது பற்றியது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டால் விடை தானே வந்து நிற்கும்.

முதலில் நான்கு வடிவங்கள்

கோப்பை உடைந்த ஒரே சம்பவத்தை நான்கு விதமாகச் சொல்லிப் பார்ப்போம்.

‘ஹீ ப்ரோக் த கப்’ – அவன் உடைத்தான். சிம்பிள் பாஸ்ட், செய்வினை.
‘த கப் வாஸ் ப்ரோக்கன்’ – கோப்பை உடைக்கப்பட்டது. சிம்பிள் பாஸ்ட், செயப்பாட்டுவினை.
‘ஹீ ஹேட் ப்ரோக்கன் த கப்’ – (வேறொன்று நடப்பதற்கு முன்பே) அவன் உடைத்திருந்தான். பாஸ்ட் பர்ஃபெக்ட், செய்வினை.
‘த கப் ஹேட் பீன் ப்ரோக்கன்’ – முன்பே உடைக்கப்பட்டிருந்தது. பாஸ்ட் பர்ஃபெக்ட், செயப்பாட்டுவினை.

முதல் வாக்கியத்தைத் தவிர மற்ற மூன்றிலும் ‘ப்ரோக்கன்’ என்ற மூன்றாம் வடிவமே (‘ப்ரேக் – ப்ரோக் – ப்ரோக்கன்’ வரிசையில் மூன்றாவது) வருகிறது. குழப்பத்தின் வேர் இதுதான். வினையின் வடிவத்தைப் பார்த்து எதையும் முடிவுசெய்ய முடியாது. அதற்கு முன்னால் நிற்கும் துணைவினைதான் பேசுகிறது. ‘வாஸ்/வேர்’ தனியாக மூன்றாம் வடிவத்தோடு வந்தால் பாஸிவ். ‘ஹேட்’ தனியாக வந்தால் பாஸ்ட் பர்ஃபெக்ட், ஆனால் பாஸிவ் இல்லை. நடுவில் ‘பீன்’ நுழைந்தால்தான் இரண்டும் சேர்ந்தது. ஒருமைக்கு ‘வாஸ்’, பன்மைக்கும் ‘யூ’வுக்கும் ‘வேர்’. ‘ஹேட்’டுக்கு இந்தத் தொல்லை இல்லை, எல்லா எழுவாய்க்கும் ஒன்றே.

படி 1: எழுவாய் செய்ததா, ஆளானதா?

வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்கும் சொல்லைப் பிடித்து, “இந்த வேலையைச் செய்தது இதுவா?” என்று கேளுங்கள். ஆம் என்றால் செய்வினை. இல்லை என்றால் ‘பி’ குடும்பத்துச் சொல் ஒன்று (வாஸ், வேர், பீன்) கட்டாயம் வேண்டும். கடிதம் தன்னைத்தானே எழுதிக்கொள்ளாது. ஆகவே ‘த லெட்டர் ஹேட் ரிட்டன்’ என்ற வாக்கியம் எந்தக் காலத்திலும் நிற்காது.

இதற்கு ஒரு குறுக்குச் சோதனை உண்டு. மூன்றாம் வடிவத்துக்குப் பின்னால் ‘பை சம்ஒன்’ என்று போட்டுப் பாருங்கள். ‘த லெட்டர் வாஸ் ரிட்டன் பை சம்ஒன்’ – பொருந்துகிறது; பாஸிவ். ‘ஷீ ஹேட் ரிட்டன் பை சம்ஒன்’ – உளறலாகிவிடும், ஆகவே செய்வினை. சோதித்த பிறகு அந்த ‘பை’யை எடுத்துவிடலாம். பாஸிவ் என்றாலே ‘பை’ போட்டே ஆக வேண்டும் என்று பள்ளியில் பழகியது எழுத்தில் வீண் சுமை. செய்தவர் யார் என்பது தெரியாதபோது அல்லது தேவையில்லாதபோதுதான் பெரும்பாலும் பாஸிவையே நாடுகிறோம்.

இந்தப் படியில் தமிழர்கள் அதிகம் சறுக்கும் இடம் ‘கொடு’, ‘சொல்’, ‘தெரிவி’ போன்ற வினைகள். “எனக்குப் புத்தகம் கொடுத்தார்கள்” என்பதில் ‘எனக்கு’ என்பது நான்காம் வேற்றுமை. தமிழில் அது எழுவாயே இல்லை. ஆங்கிலத்தில் அந்த ‘எனக்கு’ ‘ஐ’ ஆகி முன்னால் வந்துவிடும்: ‘ஐ வாஸ் கிவன் எ புக்’. இங்கே ‘வாஸ்’ஸுக்குப் பதில் ‘ஹேட்’ போட்டால் பொருள் தலைகீழாகும்: ‘ஐ ஹேட் கிவன் எ புக்’ என்றால் கொடுத்தவர் நீங்கள்! வாங்கியவரை வள்ளலாக்கும் பிழை. “வரச் சொன்னாங்க” என்பதும் அப்படியே: ‘ஐ வாஸ் டோல்ட் டு கம்’. ‘ஐ ஹேட் டோல்ட் டு கம்’ என்பது பிழை. யாரிடம் சொன்னேன் என்ற கேள்வி அந்தரத்தில் தொங்குகிறது. அலுவலக மின்னஞ்சல்களில் ‘ஐ ஹேட் இன்ஃபார்ம்ட் தட்…’ என்று தொடங்குவதைப் பார்த்தால், எழுதியவர் தெரிவித்தாரா, அவருக்குத் தெரிவிக்கப்பட்டதா என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

படி 2: இந்த வினைக்குப் பாஸிவ் உண்டா?

செயப்படுபொருள் குன்றிய வினைகளுக்கு, அதாவது ‘எதை?’, ‘யாரை?’ என்ற கேள்விக்கு இடமில்லாத வினைகளுக்கு, பாஸிவ் கிடையாது. ‘ஹேப்பன்’, ‘அக்கர்’, ‘அரைவ்’, ‘டை’, ‘டிஸப்பியர்’, ‘ஃபால்’ ஆகியவை அந்த வகை. ‘த ஆக்ஸிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்’, ‘ஹீ வாஸ் டைட்’ இரண்டும் பிழை. ‘ஹேப்பன்ட்’, ‘டைட்’ என்று மட்டும் போதும். முன்பே நடந்தது என்றால் ‘ஹேட் ஹேப்பன்ட்’, ‘ஹேட் டைட்’. (‘ஹீ வாஸ் கான்’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் ‘கான்’ பெயரடை போல நிற்கிறது: ஆள் அங்கே இல்லை என்று பொருள். அதைப் பார்த்து ‘வாஸ் அரைவ்ட்’ என்று நீட்டிவிடக் கூடாது.)

இன்னொரு வகை இரண்டு பக்கமும் போகும்: ‘ப்ரேக்’, ‘ஓப்பன்’, ‘க்ளோஸ்’, ‘சிங்க்’, ‘ஸ்டாப்’. தமிழில் இதற்கு இரண்டு தனி வினைகள் வைத்திருக்கிறோம்: உடைந்தது – உடைத்தார், நின்றது – நிறுத்தினார், மூழ்கியது – மூழ்கடித்தார். ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். ஆகவே முதலில் தமிழில் நினைத்துப் பார்ப்பது இங்கே நமக்கு லாபம். ‘நின்றது’ என்று மனதில் வந்தால் ‘த பஸ் ஸ்டாப்ட்’. ‘நிறுத்தப்பட்டது’ என்று வந்தால் ‘த பஸ் வாஸ் ஸ்டாப்ட்’, அதாவது யாரோ மறித்தார்கள்.

படி 3: இரண்டு கடந்தகாலப் புள்ளிகள் இருக்கின்றனவா?

பாஸ்ட் பர்ஃபெக்டுக்குத் துணை வேண்டும். கடந்தகாலத்தில் ஒரு புள்ளியில் நின்றுகொண்டு, அதற்கும் முன்னால் திரும்பிப் பார்க்கும்போதுதான் ‘ஹேட்’. நிற்கும் புள்ளி வாக்கியத்திலேயே இருக்கலாம், முந்தைய வாக்கியத்தில் இருக்கலாம். எங்குமே இல்லையென்றால் ‘ஹேட்’டுக்கு வேலை இல்லை.

இந்த ஜோடியைப் பாருங்கள்:

‘வென் வீ அரைவ்ட், த ரிசல்ட்ஸ் வேர் அனவுன்ஸ்ட்.’
‘வென் வீ அரைவ்ட், த ரிசல்ட்ஸ் ஹேட் பீன் அனவுன்ஸ்ட்.’

முதலாவதில் நாங்கள் போய்ச் சேர்ந்தோம், முடிவை அறிவித்தார்கள், காதால் கேட்டோம். இரண்டாவதில் போவதற்குள் அறிவித்தாகிவிட்டது. யாரிடமாவது விசாரிக்க வேண்டியதுதான். ‘வென்’ என்ற சொல் எது முந்தியது என்று சொல்வதில்லை, ஆகவே ‘ஹேட் பீன்’ அந்த வேலையைச் செய்கிறது. தமிழில் “அறிவிச்சாச்சு”, “அறிவித்தாகிவிட்டது” என்று சொல்கிறோமே, அந்த ‘ஆச்சு’, ‘ஆகிவிட்டது’ கடந்தகாலக் கதைக்குள் வரும்போது ‘ஹேட் பீன்’னுக்கு மிக நெருக்கமான தமிழ் அடையாளம். செய்தவர் மறைந்திருப்பார், வேலை முன்பே முடிந்திருக்கும். இரண்டு நிபந்தனையும் அதில் அடங்கிவிடுகிறது.

‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ வந்தால் வரிசை ஏற்கெனவே தெளிவு. அங்கே ‘ஹேட்’ போட்டாலும் சரி, விட்டாலும் சரி. விட்டுவிடுவது வாக்கியத்தை இலகுவாக்கும். ‘பை த டைம்’ வந்து, அடுத்த பகுதி முன்பே முடிந்த வேலையைச் சொன்னால் ‘ஹேட்’ போடுங்கள். ‘ஆல்ரெடி’யும் பெரும்பாலும் ‘ஹேட்’டைத்தான் கேட்கும்.

சம்பவங்களை நடந்த வரிசையிலேயே அடுக்கிச் சொல்லும்போது எல்லாமே சிம்பிள் பாஸ்ட். வந்தான், உட்கார்ந்தான், சாப்பிட்டான், போனான். ஒன்றுக்கும் ‘ஹேட்’ தேவையில்லை. கதை நடுவில் பின்னோக்கிப் போனால், முதல் ஓரிரு வினைகளுக்கு ‘ஹேட்’ கொடுத்து வாசகரைப் பின்னால் கூட்டிப்போய்விட்டு, பிறகு சிம்பிள் பாஸ்டுக்கே திரும்பிவிடலாம். பத்தி முழுக்க ‘ஹேட்… ஹேட்…’ என்று இழுப்பது இலக்கணப் பிழை இல்லை என்றாலும் படிக்கக் களைப்பூட்டும்.

படி 4: சேர்த்துக் கட்டுங்கள்

செய்தது, ஒரே புள்ளி: இரண்டாம் வடிவம். ஆளானது, ஒரே புள்ளி: ‘வாஸ்/வேர்’ + மூன்றாம் வடிவம். செய்தது, முன்னதாக: ‘ஹேட்’ + மூன்றாம் வடிவம். ஆளானது, முன்னதாக: ‘ஹேட் பீன்’ + மூன்றாம் வடிவம்.

கேள்வியாக்க முதல் துணைவினையை முன்னால் தள்ளினால் போதும்: ‘வாஸ் த லெட்டர் ரிட்டன்?’, ‘ஹேட் த லெட்டர் பீன் ரிட்டன்?’ எதிர்மறைக்கு அதே முதல் துணைவினைக்குப் பின் ‘நாட்’. பாஸிவில் ‘டிட்’டுக்கு இடமே இல்லை, ‘டிட் த லெட்டர் ரிட்டன்?’ என்பதும் ‘டிட் த லெட்டர் வாஸ் ரிட்டன்?’ என்பதும் தவறு.

ஒரு கப்பலை வைத்துப் பழகலாம்

டைட்டானிக் கதையில் நான்கு வடிவமும் இயல்பாக வந்துவிடும்.

‘த டைட்டானிக் வாஸ் பில்ட் இன் பெல்ஃபாஸ்ட்.’ கப்பல் கட்டப்பட்டது, ஒரே புள்ளி. ‘ஹேட் பீன் பில்ட்’ என்று தொடங்கினால், எதற்கு முன் என்று வாசகர் காத்திருப்பார்.

1912 ஏப்ரல் 14 இரவு 11:40 மணிக்கு மோதல். ‘த ஷிப் ஹிட் அன் ஐஸ்பெர்க்.’ மோதியது கப்பல்தான், செய்வினை. அன்று பகலிலேயே வேறு கப்பல்களிலிருந்து பனிப்பாறை பற்றிய எச்சரிக்கைகள் கம்பியில்லாத் தந்தியில் வந்திருந்தன. மோதல் என்ற புள்ளியில் நின்று திரும்பிப் பார்க்கிறோம், எச்சரிக்கைக்கு ஆளானவர்கள் ஊழியர்கள்: ‘த க்ரூ ஹேட் பீன் வார்ன்ட் அபவுட் ஐஸ்.’ ‘ஹேட் வார்ன்ட்’ என்று ‘பீன்’னை விழுங்கிவிட்டால், எச்சரித்தவர்களே அவர்கள் என்றாகிவிடும்.

அதிகாலை 2:20க்குக் கப்பல் மூழ்கியது. ‘த டைட்டானிக் சேங்க்.’ ‘வாஸ் சங்க்’ இல்லை, ஏனெனில் யாரும் மூழ்கடிக்கவில்லை. 1915 மே 7 அன்று ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் டார்பிடோவுக்கு இரையான லூசிடானியாவுக்குத்தான் அது: ‘த லூசிடானியா வாஸ் சங்க் பை எ ஜெர்மன் சப்மரீன்.’ மூழ்கியது, மூழ்கடிக்கப்பட்டது. படி 2இல் சொன்னது இதுவே.

காப்பாற்ற விரைந்த கார்பேத்தியா என்ற கப்பல் வந்து சேர்ந்தபோது மணி ஏறக்குறைய 4. ‘பை த டைம் த கார்பேத்தியா அரைவ்ட், த டைட்டானிக் ஹேட் சங்க்.’ இரண்டு புள்ளி, தானே மூழ்கியது. ‘பீன்’ இல்லாத ‘ஹேட்’. அதன் பிறகு: ‘மோர் தேன் 700 பீப்பிள் வேர் ரெஸ்க்யூட்.’ கதை மறுபடி முன்னோக்கி நகர்கிறது, காப்பாற்றப்பட்டவர்கள் பன்மை; ‘வேர்’.

‘இருந்தது’ வைக்கும் பொறி

தமிழின் ‘-இருந்தது’ ஒரே உடையில் மூன்று வேலை பார்க்கிறது. ஆங்கிலம் மூன்றையும் பிரித்துக் கேட்கும்.

ஒன்று, நிலை. “கதவு பூட்டியிருந்தது”, “கண்ணாடி உடைந்திருந்தது”. பார்த்தபோது அது எப்படி இருந்தது என்பதே செய்தி. ‘வாஸ் லாக்ட்’, ‘வாஸ் ப்ரோக்கன்’.

இரண்டு, முன்நிகழ்வு. “நான் போவதற்குள் அவர் கிளம்பியிருந்தார்.” இதற்குத்தான் ‘ஹேட் லெஃப்ட்’.

மூன்றாவதுதான் அதிகம் ஏமாற்றுகிறது. “நேற்று உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன்” என்கிறோமே, அதில் இரண்டாவது புள்ளி எதுவுமே இல்லை. ஒரு தகவலை மெல்ல எடுத்துவைக்கும் பேச்சு வழக்கு, அவ்வளவுதான். ‘ஐ ஹேட் கம் எஸ்டர்டே’ என்று அப்படியே பெயர்த்தால், கேட்பவர் “சரி, அதற்குப் பிறகு என்ன?” என்று அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருப்பார். ‘ஐ கேம் எஸ்டர்டே’ போதும். ‘எஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘இன் 2015’ என்று நேரத்தைக் குறித்துவிட்ட தனி வாக்கியத்தில் ‘ஹேட்’டைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். இன்னொரு கடந்தகாலப் புள்ளி இருந்தால் மட்டும் அது நிற்கலாம்: ‘ஹீ டோல்ட் மீ தட் ஹீ ஹேட் மூவ்ட் இன் 2015.’

நிலைக்கும் நிகழ்வுக்கும் இன்னொரு உரசல் உண்டு. ‘த ஷாப் வாஸ் க்ளோஸ்ட்’ என்றால் கடை மூடிக் கிடந்தது என்றும் கொள்ளலாம், மூடினார்கள் என்றும் கொள்ளலாம். ‘வென் ஐ காட் தேர்’ சேர்ந்தால் மூடிக் கிடந்தது. ‘அட் ஃபைவ் பை த ஓனர்’ சேர்ந்தால் மூடப்பட்டது. மூடும் வேலை முன்பே முடிந்தது என்பதை அழுத்த வேண்டுமானால் மட்டுமே ‘ஹேட் பீன் க்ளோஸ்ட்’. வெறும் நிலையைச் சொல்ல அவ்வளவு நீளம் வேண்டாம்.

‘ஹேட்’ போலத் தெரியும் வேறு சிலர்

‘ஹீ ஹேட் கட் ஹிஸ் ஹேர்’, ‘ஹீ ஹேட் ஹிஸ் ஹேர் கட்’. சொற்கள் அதே ஐந்துதான், இடம் மாறியிருக்கிறது. முதலாவதில் அவனே கத்தரி எடுத்து முன்பே வெட்டிவிட்டிருந்தான். இரண்டாவதில் வேறொருவரை வைத்து வெட்டிக்கொண்டான். அது பாஸ்ட் பர்ஃபெக்டே இல்லை, சாதாரண இறந்தகாலம். தமிழில் இரண்டுக்கும் “முடி வெட்டிக்கொண்டான்” என்றுதான் சொல்வோம் என்பதால் இந்த வேறுபாடு கண்ணில் படாமலே போய்விடும். ‘ஹேட்’டுக்கும் மூன்றாம் வடிவத்துக்கும் நடுவில் பொருளின் பெயர் வந்து உட்கார்ந்தால், வேலையைப் பிறரை வைத்துச் செய்தது என்று வாசியுங்கள்.

‘ஹேட் டு’ என்பது கட்டாயம்: போக வேண்டியிருந்தது. ‘ஹேட் பீன் க்ளீனிங்’ என்றால் சுத்தம் செய்துகொண்டிருந்தார். ‘ஹேட் பீன் க்ளீன்ட்’ என்றால் சுத்தம் செய்யப்பட்டிருந்தது. ‘பீன்’னைப் பார்த்தவுடன் பாஸிவ் என்று முடிவுகட்டாமல் அடுத்த சொல்லின் வாலையும் பாருங்கள். பேச்சில் ‘ஹேட்’ வெறும் ‘ட்’ ஒலியாகத் தேயும், ‘வுட்’டும் அப்படியே தேயும், பின்னால் மூன்றாம் வடிவம் வந்தால் அது ‘ஹேட்’, மூல வடிவம் வந்தால் பெரும்பாலும் ‘வுட்’.

பிறர் கூற்றும் ‘இஃப்’பும்

நேர்க்கூற்றில் ‘த பைக் வாஸ் ஸ்டோலன் எஸ்டர்டே’ என்று சொன்னதை அயற்கூற்றாக்கும்போது ‘ஹீ செட் தட் த பைக் ஹேட் பீன் ஸ்டோலன் த டே பிஃபோர்’ ஆகிறது. அவர் சொன்னதே கடந்தகாலம். திருட்டு அதற்கும் முன்னால். காலம் ஒரு படி பின்னால் போகிறது, பாஸிவ் அப்படியே இருக்கிறது. தேர்வில் ‘வாஸ்’ஸை ‘ஹேட்’ ஆக்கிவிட்டு ‘பீன்’னை மறப்பவர்கள் காலத்தை மாற்றும்போது பாஸிவையும் தொலைத்துவிடுகிறார்கள்.

நடக்காமல் போனதைச் சொல்லும் ‘இஃப்’பில் ‘ஹேட்’ கட்டாயம்: ‘இஃப் த பைக் ஹேட் பீன் லாக்ட், இட் வுட் நாட் ஹேவ் பீன் ஸ்டோலன்.’ இங்கே ‘ஹேட்’ வந்தது எது முந்தியது என்று காட்ட அல்ல, அப்படி நடக்கவில்லை என்று காட்ட. ஆகவே படி 3இன் சோதனையை இதற்குப் போடாதீர்கள்.

கோடிட்ட இடம் நிரப்பும்போது

கோட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். செயப்படுபொருள் ஒன்று நின்றால் பெரும்பாலும் செய்வினை. ‘கிவ்’, ‘டெல்’ போன்ற இரண்டு பொருள் ஏற்கும் வினைகள் விலக்கு. ‘பை’ நின்றால் அவசரப்படாமல் அதற்கு அடுத்த சொல்லையும் பாருங்கள். ‘பை த மேனேஜர்’ செய்தவரைக் காட்டுகிறது. ‘பை ஃப்ரைடே’ கெடுவைக் காட்டுகிறது, அதை வைத்துப் பாஸிவ் என்று சொல்ல முடியாது. பிறகே வாக்கியத்தின் மறுபாதியில் இன்னொரு இறந்தகால வினை இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஒரு மின்னஞ்சலைத் திருத்திப் பார்ப்போம்

‘ஐ ஹேட் ரீச்ட் த ஆஃபீஸ் அட் டென். த மீட்டிங் ரூம் ஹேட் லாக்ட். ஐ ஹேட் டோல்ட் பை த கார்ட் தட் த மீட்டிங் ஹேட் கேன்சல்ட். டூ ஃபைல்ஸ் வேர் டிஸப்பியர்ட் ஃப்ரம் மை டேபிள்.’

வாக்கியம் நான்கு, பிழை ஐந்து. போய்ச் சேர்ந்ததுதான் கதையின் முதல் புள்ளி. அதற்கு முன்னால் எதுவும் இல்லை: ‘ஐ ரீச்ட்’. அறை பூட்டிக் கிடந்தது, நிலை: ‘வாஸ் லாக்ட்’. காவலர் சொன்னார், நான் கேட்டேன்: ‘ஐ வாஸ் டோல்ட்’. கூட்டம் தன்னையே ரத்து செய்துகொள்ளாது. காவலர் சொல்வதற்கு முன்பே யாரோ ரத்து செய்திருக்கிறார்கள்: ‘ஹேட் பீன் கேன்சல்ட்’. கோப்புகள் காணாமல் போயின. அந்த வினைக்குப் பாஸிவ் இல்லை, நான் வருவதற்கு முன்பே போய்விட்டன: ‘ஹேட் டிஸப்பியர்ட்’. யாரோ எடுத்துப்போனார்கள் என்று எழுதியவர் சொல்ல விரும்பினால் வினையையே மாற்ற வேண்டும்: ‘டூ ஃபைல்ஸ் ஹேட் பீன் டேக்கன் ஃப்ரம் மை டேபிள்.’ எந்த வாக்கியத்தை அனுப்புவது என்பது அவருக்கு யார் மேலாவது சந்தேகம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.